கப்பித்தானுக்கு மறுவீடு

செலியமேடு,
9 ஆகஸ்டு 1937

அன்புள்ள மாமாவுக்கு,

தையலம்மாள் எழுதுவது. நானும் அம்மாவும் குழந்தை கஸ்தூரியும் சுகமாக இருக்கிறோம். போன கடிதத்தில் இருமல் என்று எழுதினீர்கள், என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லை. சைகோனில் சுக்கு கிடைக்காமலா போகும்? தட்டிப்போட்டுக் காய்ச்சித் தரச் சொல்லுங்கள்.

கரும்புக்குக் களை எடுத்தாயிற்று. சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறோம். பாகூர் ஏரியில் தண்ணீர் குறைவு. செல்லப்பன் வண்டிமாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்திருக்கிறான், பொங்கலுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கும்போதே. கேட்டால், “எஜமான் லீவுல வரப்ப பழகியிருக்கணும்ல” என்கிறான்.

எழுத வந்தது வேறு. நேற்று கரையாம்புத்தூர் அரங்கநாதன் பெரியவர் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், சந்தனக் கிண்ணம். யாரோ பெண் கேட்டு வந்துவிட்டார்கள் என்று அம்மா பதறிப்போய்ப் பாயை விரித்தாள். அவர் உட்காராமல் வேப்பமரத்தடியில் படுத்திருந்த உங்கள் நாய் கப்பித்தானைப் பார்த்தார்.

“மாப்பிள்ள நல்லா இருக்காரா?” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். அவர்கள் வீட்டில் வெள்ளை நாய்க்குட்டியை விலைக்குக் கொடுப்பதில்லையாம். ஆண்குட்டியை வாங்கிப் போகிறவர் தாம்பாளத்தின் மேல் கை வைத்து ஒரு சொல் சொல்ல வேண்டுமாம்: பிறந்த வீட்டுப் பெட்டை பருவத்துக்கு வரும்போது ஒரு தடவை அனுப்பிவைக்கிறேன் என்று. அதற்கு மறுவீடு என்று பெயராம். நீங்களும் கை வைத்துச் சொன்னீர்களாம். என்னிடம் சொல்லவே இல்லையே?

“கார்த்திகையில வந்து அழைச்சிக்கினு போறேன். பொண்ணு பேரு ரோசா. கப்பித்தானோட கூடப்பொறந்தா இருக்குதே, அது பெத்த பொண்ணு. அக்கா பொண்ணு. முறப்பொண்ணு. இதவிட நல்ல எடம் எங்க கெடைக்கும்?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். “நாய்க்கு இன்னாம்மா யோசன?” என்று சிரித்துவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “அவுரு எவ்ளோ மரியாதயா வந்து கேக்கறாரு. உனக்கு இன்னாடி வந்திச்சி?”

“சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தால் குறை சேர்ந்து வரும்மா” என்றேன்.

“அக்கா பொண்ணு ஆவாதா? அப்ப உம் புருஷன் உனக்கு இன்னா முறையாம்?”

தன் தம்பியைத்தான் சொல்கிறாள். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாமா, கப்பித்தானுக்கு இடது காது கேட்கவில்லை என்று எனக்குச் சந்தேகம். வலது காதைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டால் பெருச்சாளி மேலே ஏறி ஓடினாலும் எழுவதில்லை. மறுபக்கம் படுத்திருந்தால் இலை விழுந்தாலும் எழுந்துவிடுகிறது. இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் கூப்பிட்ட திசைக்கு வராமல் எதிர்த்திசைக்கு ஓடுகிறது. இப்படி ஒரு குறை இருக்கும்போது அதைக் குட்டிகளுக்குக் கொடுக்கச் சொல்லலாமா? வேண்டாம் என்று சொல்லிவிட எனக்கு மனம். உங்கள் சம்மதம் வேண்டும்.

கஸ்தூரி ஓடுகிறாள், விழுந்தால் அழாமல் எழுகிறாள். இன்னும் பேச்சு வரவில்லை. “நம்ம வூட்ல எல்லாம் நிதானமாத்தான் பேசுவாங்க” என்கிறாள் அம்மா. அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
தையலம்மாள்


சைகோன்,
3 செப்டம்பர் 1937

என் அன்புள்ள தையலுக்கு,

உன் கடிதத்தைச் சுங்க ஆபீசில் வைத்தே பிரித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜை சூசைநாதன், “ஊர்லேர்ந்து இன்னாப்பா சேதி?” என்றார். “என் நாய்க்குச் சம்பந்தம் வந்திருக்குது, என் சம்சாரம் ஜாதகம் பொருந்தலன்றா” என்றேன். அன்று முழுக்க ஆபீசில் இதே பேச்சு.

உன்னைச் சென்னையில் கல்லூரியில் சேர்த்தபோது ஊரே என்னைத் திட்டியது. அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பெண்ணைப் படிக்கவைத்துத்தான் கட்டுவேன் என்று நின்றேன். அது நாய்க்கு ஜாதகம் பார்க்க என்று அப்போது தெரியவில்லை. பட்டாணிச் செடியை வைத்து அங்கே சொல்லிக்கொடுத்ததை எல்லாம் கப்பித்தானுக்குப் போட்டுப் பார்க்காதே. ஒரு காது கேட்காவிட்டால் என்ன? எங்கள் பெரிய துரைக்கு இரண்டு காதும் கேட்காது, இலாகா நடக்கவில்லையா?

விளையாட்டு இருக்கட்டும். அரங்கநாதன் அண்ணன் அந்தக் குட்டிகளை ஊர் தாண்டிக் கொடுக்காதவர். நான் கேட்டேன் என்பதற்காகக் கொடுத்தார். தாம்பாளத்தின் மேல் கை வைத்தது உண்மை. நான் ஊரில் இல்லை, தையல். அங்கே எனக்குப் பதிலாக இருப்பது என் வார்த்தை ஒன்றுதான். அதை நீ காப்பாற்று. கார்த்திகையில் நாயைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அனுப்பு.

சித்திரையில் எனக்கு லீவு. அக்கா வாத்தியாரை வைத்து எனக்கு ஒரு கார்டு எழுதியிருக்கிறாள், உனக்குத் தெரியாமல். “பேத்தி போதாது, பேரன் வேணும்” என்று. அக்காவுக்குத் தம்பி சொல்லும் பதில்: ஆகட்டும்.

கஸ்தூரிக்கு ஒரு பொம்மையும் உனக்கு ஒரு பட்டும் பாகூர்க்காரர் ஒருவர் வசம் அனுப்பியிருக்கிறேன். என் போட்டோவைக் காட்டி அவளுக்கு ‘அப்பா’ சொல்லப் பழக்கு. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்று எதை நிறுத்திவைத்தாய்?

இருமல் போய்விட்டது. சுக்கு இல்லை, இங்கே ஒரு சீனக்காரர் கொடுத்த கஷாயம். ஒரே கசப்பு, சுக்கே தேவலை.

உன் அன்புள்ள,
தணிகைவேல்


செலியமேடு,
27 செப்டம்பர் 1937

அன்புள்ள மாமாவுக்கு,

பொம்மையும் பட்டும் வந்தன. பட்டு நல்ல நிறம். பொம்மைக்கு இரண்டு கண்ணையும் கஸ்தூரி பிடுங்கிவிட்டாள்.

நீங்கள் அனுப்பு என்று எழுதியதும், அனுப்பும் இடத்தையாவது பார்ப்போம் என்று செல்லப்பனோடு கரையாம்புத்தூர் போனேன். கஸ்தூரியையும் தூக்கிக்கொண்டேன். வழியில் இங்கிலீஷ் எல்லைச் சாவடியில் சேவகன் வண்டிக்குள் எட்டிப்பார்த்து, “பொம்பளயும் கொழந்தையுமா? சரக்கு ஒண்ணும் இல்லியே?” என்றான். “இன்னிக்கு இல்ல, கார்த்திகையில ஒரு மாப்பிள்ளய ஏத்திக்கினு வருவோம்” என்றான் செல்லப்பன். அவனுக்கு இதெல்லாம் பெரிய கொண்டாட்டம்.

பெரியவர் வீட்டில் வேறொரு பெட்டை குட்டி போட்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, மூக்கெல்லாம் ரோஜாநிறம். கண் திறந்து தள்ளாடி நடக்கும் வயசு. நான் வந்த சமயம் நல்ல சமயம் என்று அவருக்குச் சந்தோஷம். “வா, நீயே பாரு, எப்பிடிப் பொறுக்கறோம்னு” என்று வெண்கலத் தட்டு ஒன்றையும் கரண்டியையும் எடுத்துவந்தார். ஒவ்வொரு குட்டியாக முன்னால் விட்டுப் பின்னால் நின்று தட்டினார். திரும்பிய குட்டி ஒரு பக்கம். இரண்டு குட்டிகள் திரும்பவே இல்லை.

“இதுங்கள இன்னா பண்ணுவீங்க?”

“சாக்குல போட்டு ஆத்துக்குத்தான். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அப்பிடித்தான். ஒவ்வொரு ஈத்துலயும் ரெண்டு மூணு போவும். பாவந்தான். கேக்காத நாய வெச்சிக்கினு இன்னா பண்றது? மாடு மிதிக்கும், வண்டி ஏறும். தெரியாம தொட்டா மெரண்டு கடிக்கும்.”

அவர் கொடுமைக்காரர் இல்லை, மாமா. அந்த இரண்டையும் மடியில் வைத்துத் தடவிக்கொண்டேதான் சொன்னார்.

நான் பார்த்தது இன்னொன்று. திரும்பிய குட்டிகளில் ஒன்று தப்பான பக்கம் திரும்பியது. இடப்பக்கம் தட்டினார், அது வலப்பக்கம் தேடியது. சொன்னேன். “திரும்பிச்சில்ல? போதும்” என்றார். கப்பித்தான் எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஒரு காதுள்ள குட்டி தட்டுக்குத் திரும்பிவிடுகிறது. தேறிவிடுகிறது. அதையே மறுவீடு அழைத்து, அதன் அக்கா பெண்ணோடு சேர்க்கிறார்கள். பிறகு ஈத்துக்கு இரண்டு மூன்று ஆற்றுக்குப் போகிறது. அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் நம் வெண்கலத் தட்டை எடுத்தேன். எதற்கென்று உங்களுக்குப் புரிந்திருக்கும். கஸ்தூரி முற்றத்தில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று தட்டினேன். திரும்பினாள். “பாத்தியா, பாத்தியா” என்றாள் அம்மா. ஆனால் வெயில் என் முதுகில் அடித்தது, என் நிழல் அவள் முன்னால் விழுந்திருந்தது. எதிர்ப்பக்கம் போய் நிழல் விழாமல் நின்று தட்டினேன். கை நோகும்வரை தட்டினேன். அவள் மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தாள்.

புதுச்சேரிக்கு அழைத்துப்போய் வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டினேன். மணி அடித்துப் பார்த்தார், காதோரம் ஒரு இரும்புக் கவையைத் தட்டிவைத்துப் பார்த்தார். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்கவில்லை, இனி கேட்கும் என்று நம்பச் சொல்லமாட்டேன் என்றார். நீங்களும் உங்கள் கணவரும் உறவா என்று கேட்டார். தாய்மாமன் என்றேன். அதனாலா என்று கேட்டேன். “இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உறவில் மணந்த எத்தனையோ பேருக்கு ஒரு குறையும் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் இப்படி முன்பு யாராவது உண்டா?” என்றார். இல்லை என்றேன்.

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். குழந்தை தூங்கிய பிறகு இன்று எழுதி முடித்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வருகிறது, தெருவில் வண்டி போகும் சத்தம் கேட்டாலே எழுந்து அவளைத் தேடுகிறேன்.

கப்பித்தானை ரோசாவிடம் அனுப்பமாட்டேன். உங்கள் வார்த்தை என்று தெரிந்துதான் சொல்கிறேன். சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

தையலம்மாள்


சைகோன்,
21 அக்டோபர் 1937

தையலம்மாளுக்கு,

ஒரு டாக்டர் மணி அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னால் ஆயிற்றா? அவள் குழந்தை. எனக்கு இங்கே பெரிய டாக்டர்களைத் தெரியும். லீவில் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை யாரிடமும் இதைப் பற்றி வாய் திறக்காதே. பக்கத்து வீட்டிலும் கூடாது, கோயிலிலும் கூடாது.

நாயை அனுப்பு. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ வாசலில் நின்று, அக்கா பெண்ணோடு சேர்த்தால் குறை வரும் என்று அரங்கநாதன் அண்ணனிடம் சொன்னால் அவர் யாரை நினைப்பார்? கொம்யூனில் இருக்கிற ஊரெல்லாம் விரல் மடக்கி எண்ணும். தணிகைவேல் யாரைக் கட்டினான், அவன் பெண் ஏன் பேசவில்லை என்று கேட்கும். நம் வீட்டில் நாளைக்கு யார் பெண் எடுப்பார்கள், யார் கொடுப்பார்கள்? ஒரு நாய்க்காக நம் வீட்டுக் கதவை நீயே திறந்துவைக்கப் போகிறாயா?

மாமனைக் கட்டிக்கொண்டது தப்பு என்று நினைக்கிறாய். அதை நேராக எழுதியிருக்கலாம். நாயைச் சுற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டாம்.

தணிகைவேல்


செலியமேடு,
19 நவம்பர் 1937

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் நீங்கள் கடைசியில் எழுதியதற்குப் பதில். உங்களைக் கட்டிக்கொண்டது தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பாவாடை கட்டிய நாளிலிருந்து எனக்கு வேறு மாப்பிள்ளை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. இன்றைக்கு யாராவது திரும்பக் கேட்டாலும் அதே கழுத்தைத்தான் நீட்டுவேன். ஆனால் அதற்காக, கண்ணால் பார்த்ததைப் பார்க்காததுபோல் வைத்துக்கொள்ள என்னால் ஆகாது.

இரண்டாவது, நீங்கள் செய்யாதே என்றதைச் செய்துவிட்டேன். கப்பித்தானைக் காயடித்தாயிற்று.

கோபப்படுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுப் படுங்கள். நான் எடுத்தவுடன் கத்தியைத் தேடவில்லை. தவளக்குப்பத்தில் ஒருவர் வீட்டில் செவலைப் பெட்டை இருக்கிறது, உறவு கிடையாது, இரண்டு காதும் கேட்கிறது. அதனிடம் ஒரு தடவை அனுப்பி, அந்தக் குட்டியை அரங்கநாதன் பெரியவருக்குக் கொடுத்து உங்கள் வார்த்தையைத் தீர்த்துவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். அப்போதும் கப்பித்தானின் குறை போகாது. குட்டிகளில் ஒளிந்திருந்துவிட்டு அதன் குட்டிகளில் வெளிவரும். கரையாம்புத்தூரில் அந்தக் குட்டியை மறுபடி சொந்தத்துக்குள்தான் சேர்ப்பார்கள். சாக்கு காலியாக இருக்காது.

அனுப்பாமல் சும்மா இருந்துவிடலாம் என்றால், சொல் தவறினால் கொடுத்தவர் நாயைத் திருப்பி ஓட்டிப்போகலாம் என்பதும் அந்த வழக்கத்திலேயே இருக்கிறதாம். அம்மா சொன்னாள். அங்கே போய்விட்டால் ஒரு தடவை இல்லை, வருஷா வருஷம்தான்.

ஆகையால் புதுச்சேரியிலிருந்து மாட்டு டாக்டரை வரவழைத்தேன். அவர் கப்பித்தானைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, “நல்ல உருப்படியாச்சேம்மா, மனசு வருதா?” என்றார். வருகிறது என்றேன். மருந்து கொடுத்துத் தூங்கவைத்துத்தான் செய்தார். தலையை நான் பிடித்துக்கொண்டேன். செல்லப்பன் மாட்டுக்கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டான். “எஜமான் வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்வேன்?” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான். நீ சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன். புண் ஆறி நாய் நன்றாகச் சாப்பிடுகிறது.

முந்தாநாள் பெரியவர் வந்தார். தாம்பாளத்தில் பழம், சாமந்தி மாலை, சிவப்புத் துண்டு, கூடவே ஒரு பம்பைக்காரன். தெருவில் பாதிப்பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

“இன்னாம்மா, மாப்பிள்ள தயாரா?”

“அனுப்பறதா இல்லீங்க பெரியவரே.”

“தணிகைவேலு தட்டு மேல கைய வெச்சி சொன்ன சொல்லும்மா அது.”

“அவரு சொன்னது நெசந்தான். இல்லன்றது நான்.”

“சரி. அப்ப எங்க வூட்டுக் குட்டி எங்க வூட்டுக்கே வரட்டும். அவுத்து வுடு.”

“தாராளமா ஓட்டிக்கினு போங்க. ஆனா இனிமே அதால ஆவாது. காயடிச்சாச்சி.”

பம்பைக்காரன் குச்சியைக் கீழே போட்டுவிட்டான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் முகம் கறுத்துவிட்டது. மாலை அவர் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏம்மா? நான் உனக்கு இன்னா கெடுதி பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. அதுக்கு ஒரு காது கேக்கல. ரோசா அதோட அக்கா பொண்ணு. ரெண்டயும் சேத்தா சாக்குக்குத்தான் குட்டி பொறக்கும். நான் அத அனுப்பமாட்டேன்.”

“முறையில சேக்கறது தப்புன்னு எந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்குது? நீ கட்டல? உங்க வூட்ல இன்னா கெட்டுப்போச்சி?”

நீங்கள் பயந்த கேள்வி இதுதானே. கேட்டுவிட்டார், தெரு முழுக்க இருக்கும்போது. நான் குழந்தையைத் திரும்பிப் பார்த்தேன். கஸ்தூரி வாசல் கோலத்தின் மேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடுமையாகப் பேசிவிட்டோம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். குழந்தை பக்கம் திரும்பி, “கண்ணு, இங்க வா, பழம் வெச்சிருக்கேன் பாரு” என்றார். வரவில்லை. “வெக்கமா? டேய், கொழந்தைக்கு ஒரு தட்டு தட்டிக் காட்டுடா” என்றார்.

அந்த ஆள் குச்சியை எடுத்துப் பம்பையில் ஓங்கி அடித்தான். கூரைமேல் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பின. கப்பித்தான் துள்ளி எழுந்தது. கஸ்தூரி கோலமாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஆயுசு முழுக்கத் தட்டு தட்டிப் பார்த்தவர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாலையைப் பம்பைக்காரன் கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

“எந்தக் காது?” என்றார் மெதுவாக.

“ரெண்டும்.”

 அப்போதுதான் அம்மா உள்ளேயிருந்து வெளியே வந்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். உங்கள் அக்கா நேராகப் பெரியவரைப் பார்த்துப் பேசினாள்.

“எங்க வூட்லயும் இருந்தான் அண்ணா ஒருத்தன். எனக்கு மூத்தவன், மணவாளன்னு பேரு. பேசமாட்டான். சாமிப்புள்ளன்னு சொல்லி வெச்சிருந்தோம். மாடு ஒண்ணு கயித்த அறுத்துக்கினு பின்னாடி ஓடியாந்திச்சி. எல்லாரும் கத்தினோம். அவன் கரும்பு தின்னுக்கினே நின்னான். எங்க அப்பனும் அக்கா பொண்ணத்தான் கட்டினாரு. தம்பி அப்பறம் பொறந்தவன், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டுது. எம் பொண்ணு டாக்டராண்ட இல்லன்னு பொய் சொல்ல வெச்சிட்டேன்.”

இவ்வளவையும் நின்றபடி சொல்லிவிட்டு, கஸ்தூரியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெரியவர் வெகுநேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கப்பித்தானைத் தடவிக் கொடுத்தார். “ஒரு காது போன குட்டிய எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?” என்று கேட்டார். ஒவ்வொரு காதாகப் பொத்திக்கொண்டு, கண்ணில் படாமல் நின்று, பக்கம் மாற்றித் தட்ட வேண்டும் என்று காட்டினேன். கேட்டுக்கொண்டார். “ரோசாவ இந்த வருஷம் கட்டிப்போடறேன்” என்றார். நாயைக் கேட்கவில்லை. தாம்பாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

ஆக, ஊருக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் சொன்னதுபோல விரல் மடக்கி எண்ணுகிறார்கள். நேற்று கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த ராமாயி என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். இன்று அவளே வந்து, தன் தங்கை பெண்ணை அண்ணனுக்குப் பேசியிருப்பதாகவும், உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க முடியுமா என்றும் கேட்டாள்.

சென்னையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழக்குகிறார்களாம். எழுதிக் கேட்டிருக்கிறேன். வயசு வந்ததும் சேர்ப்பேன், கூடவே போய் இருப்பேன். அதுவரை வீட்டில் நானே பழக்குவேன். இதில் எனக்கு யோசனை இல்லை.

யோசனை இன்னொன்றில். பெரியவர் போன பிறகு அம்மா என்னிடம், “அப்ப உனக்கு?” என்று மட்டும் கேட்டாள். பேரனுக்குக் கார்டு எழுதியவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நீங்கள் சித்திரையில் வருகிறீர்கள். அடுத்த பிள்ளைக்கும் இப்படி ஆகலாம், ஆகாமலும் போகலாம். என்னைக் கேட்டால் எனக்குத் துணிச்சல் இல்லை. கஸ்தூரி ஒருத்திக்கே என் இரண்டு கையும் வேண்டும். ஆனால் நாய்க்கு நான் தனியாக முடிவு செய்தேன், அதற்குச் சொல்ல வாய் இல்லை என்பதால். உங்களுக்கு நான் முடிவு செய்யமாட்டேன். நீங்கள் சொல்லுங்கள். என்ன சொன்னாலும் நேராகச் சொல்லுங்கள்.

உங்கள்,
தையலம்மாள்


சைகோன்,
16 டிசம்பர் 1937

என் அன்புள்ள தையலுக்கு,

காயடித்தாயிற்று என்ற வரியோடு உன் கடிதத்தை மடித்து மேஜை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். என் நாய், என் சொல், என்னைக் கேட்காமல் செய்துவிட்டாயே என்று கோபம். சூசைநாதன்தான், “கடுதாசிய பாதியில பூட்டி வெச்சா மீதி அழிஞ்சா போவும்?” என்றார். மறுநாள் எடுத்துப் படித்தேன்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தது எனக்குத் தெரியாது. சின்ன வயசில் வீட்டில் யாரும் கரும்பைக் கையில் கொடுத்து என்னை வாசலுக்கு விடமாட்டார்கள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

உன்னை வாயைத் திறக்காதே என்றேன். நான் எழுதியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அரங்கநாதன் அண்ணனுக்கு எழுதியிருக்கிறேன்: தட்டின் மேல் கை வைத்தது நான், எடுப்பதும் நான், நீங்கள் என்மேல் வருத்தப்படுங்கள், வீட்டில் இருப்பவர்கள்மேல் வேண்டாம் என்று.

நீ கேட்டதற்குப் பதில். இன்னொரு பிள்ளை வேண்டாம். வருத்தம் இல்லை என்று எழுதமாட்டேன். பேரன் என்று அக்கா சொன்னபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இருந்தாலும் வேண்டாம். அக்காவுக்குத் தனியாக எழுதிவிட்டேன், இது என் தீர்மானம் என்று. உன் பெயர் அதில் இல்லை. ஊரில் கேட்டால், “அவுரு வேணாம்னுட்டாரு” என்று சொல். என்னை யார் கடல் தாண்டி வந்து கேட்கப்போகிறார்கள்? நான் வரும்போது என் பாயைக் கூடத்தில் போட்டுவை. கோபத்தில் சொல்லவில்லை.

இங்கே பெரிய டாக்டர்களைத் தெரியும் என்று எழுதினேன். ஒருவரையும் தெரியாது. சென்னைப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் என்ன எழுதினார்கள் என்று உடனே தெரிவி. நான் வரும் லீவிலேயே மூன்று பேரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் வந்து இறங்கும் அன்றைக்குக் கஸ்தூரிக்கு என்னை அடையாளம் தெரியாது. பார்த்ததும் அழுவாள். நீ ஓடிவந்து தூக்காதே. நான் எதிரில் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் அழுது முடித்து என்னைப் பார்க்கும்வரை நான் அங்கிருந்து எழப்போவதில்லை.

உன்,
தணிகைவேல்